வழி கேட்க ஓர் ஆள்

பெசன்ட் நகர் பஸ் டிப்போவிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் தெருக்களில் ஒன்றில், வேப்பமர நிழலில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறது. மாலை 6 மணிக்கு மேல் அங்கே துணி கொடுக்க வருகிறவர்களைவிட வழி கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். போன வாரம் நான் நின்றிருந்தபோது, சாப்பாடு கொண்டுவந்த இளைஞர் ஒருவர் பைக்கை ஓரங்கட்டினார். பைக்கில் மாட்டியிருந்த போன், சேர வேண்டிய இடம் வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அண்ணா, இது நாலாவது அவென்யூதானே?"

"இது மெயின் ரோடு தம்பி. அவென்யூ அந்தாண்ட. நேரா போ, மாதா கோயிலுக்கு முன்னாடி லெஃப்ட்ல திரும்பு. மாவு மெஷின் ஒண்ணு வரும், அதுக்கு எதிர்ல கேளு."

அண்ணன் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சட்டைக் காலரை மடித்துக்கொண்டே சொல்லி முடித்தார். கடைசியில் சொன்ன "எதிர்ல கேளு" என்ற சொல்தான் என்னோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் வழியை முழுக்கச் சொல்லிவிடவில்லை. அடுத்து கேட்க ஓர் ஆள் இருக்கும் இடம்வரை கொண்டுபோய் விட்டார்.

நகரத்தைக் கட்டுகிறவர்கள் நூறாண்டுகளாகக் கற்றுக்கொண்டதை, செல்பேசித் திரையைக் கட்டுகிறவர்கள் எவ்வளவு எடுத்துக்கொள்ள முடியும் என்பதுதான் இங்கே கேள்வி. தரமணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் பயனர் அனுபவம், சுருக்கமாக யூஎக்ஸ், என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். அவர்களில் பலர் வீடு திரும்பும் வழியில் எலியட்ஸ் கடற்கரைச் சுவரில் வந்து உட்காருகிறவர்கள். இரண்டு தொழில்களும் சந்திக்கும் இடம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கமே இருக்கிறது என்பது என் எண்ணம்.

கடன் வாங்கல் புதிதல்ல. தகவலை ஒழுங்குபடுத்துவதைக் கட்டடக்கலை என்று அழைத்துப் பரப்பியவர் ரிச்சர்ட் சால் வர்மன். அவரே ஒரு கட்டடக் கலைஞர். 1976இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களின் மாநாட்டுக்கு அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார். 1994இல் ஆம்ஸ்டர்டாம்காரர்கள் 'டிஜிட்டல் நகரம்' என்று ஒன்றை இணையத்தில் திறந்து, அதில் சதுக்கங்களும் வீடுகளும் வைத்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய ஜியோசிட்டீஸில் சொந்தப் பக்கம் வேண்டுமானால் ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுத்து, கதவு எண்ணோடு குடியேற வேண்டியிருந்தது. தமிழில் இதற்கெல்லாம் யாரும் கூட்டம் போடவில்லை. தளம், முகப்பு, வாசல் என்று வீடு கட்டும் சொற்கள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டன. பெயர் வந்தது. அந்தப் பெயர்களோடு வர வேண்டிய பழக்கங்கள் வந்தனவா என்பது வேறு கதை.

வடிவமைப்பு வகுப்புகளில் முதலில் சொல்லித்தரப்படுபவர் கெவின் லிஞ்ச். 1960இல் வெளிவந்த அவரது நூல், பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் மக்களிடம் அவரவர் ஊரை நினைவிலிருந்து வரையச் சொல்லி எழுதப்பட்டது. மனசுக்குள் இருக்கும் ஊரில் 5 பொருள்களே உண்டு என்றார் அவர்: பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளம். பெசன்ட் நகர் இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி. கிழக்கே கடல், வடக்கே அடையாறு முகத்துவாரம், ஒரு பக்கம் தியசாபிகல் சொசைட்டியின் நீண்ட மதில் என விளிம்புகள் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கின்றன. டிப்போ சந்திப்பு. அஷ்டலட்சுமி கோயிலும் வேளாங்கண்ணி மாதா கோயிலும் அடையாளங்கள். வீட்டு வசதி வாரியம் போட்ட நேர்கோட்டுத் தெருக்கள் ஒரு வட்டாரம் என்றால், அவற்றுக்கு முன்பிருந்தே இருக்கும் ஊரூர் குப்பம் இன்னொன்று. எல்லை எங்கே என்று பலகை இல்லை, ஆனால் கால் வைத்தால் தெரியும்.

கடற்கரையில் நிற்கும் வெள்ளை வளைவு 1930இல் நீரில் மூழ்கியவரைக் காப்பாற்றப்போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் நினைவிடம். அங்கே சந்திக்கலாம் என்று நேரம் குறிக்கிற பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட அந்தப் பெயர் தெரிந்திருக்காது. அடையாளம் வேலை செய்ய அதன் பெயர் தெரிய வேண்டியதில்லை, எப்போதும் அதே இடத்தில் இருந்தால் போதும். மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு என்று பொத்தானை இடமாற்றும் செயலிக்காரர்கள், அந்த வளைவை இந்த மாதம் அஷ்டலட்சுமி கோயில் பக்கம் தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கலாம்.

இடத்தை மாற்றுவதாவது பரவாயில்லை. பழையதை எடுக்காமல் புதியதைப் பக்கத்தில் வைக்கும் பழக்கம் சென்னைக்கே உரியது. பழைய எண் 12, புதிய எண் 27 என்று எழுதாத விலாசம் இந்த ஊரில் அரிது. கதவுகளுக்கு மறு எண் கொடுத்த பிறகு பழையதை யாரும் மறக்கவில்லை, புதியதை யாரும் முழுதாக ஏற்கவும் இல்லை. ஆகவே இரண்டையும் சுமக்கிறோம். அதே தெருவில் வேறொரு வீட்டின் பழைய எண்ணும் 27தான். பெசன்ட் நகரில் இதற்கு மேல் அவென்யூ, மெயின் ரோடு, குறுக்குத் தெரு என்று மூன்று வரிசையிலும் 1, 2, 3 உண்டு. திட்டம் போட்டவரின் வரைபடத்தில் இது கச்சிதம். தெருவில் நிற்பவருக்கு 'நாலாவது' என்ற சொல் மட்டும் காதில் விழுகிறது. மதுரையில் இதைவிடச் சுவையான ஒன்று உண்டு. சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். பெயர் ஒன்று, பயன் வேறு. ஆனாலும் மதுரையில் யாரும் வழி தவறுவதில்லை. கோயிலைச் சுற்றிச் சுற்றிப் போகும் வீதி அமைப்பே வழி சொல்லிவிடும். அமைப்பு தெளிவாக இருந்தால் பெயர்ப் பிழையை மக்கள் மன்னிப்பார்கள்.

லிஞ்ச் சொன்னதை அறிந்தோ அறியாமலோ நம் ஊர் நன்றாகச் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. எது சாதாரணப் பேருந்து என்பதை வெள்ளைப் பலகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். டிப்போவில் நின்று நிதானமாகப் பார்ப்பவருக்கு அது சரி. ஓடிவந்து ஏறுகிறவருக்குப் பலகை கண்ணில் படுவதற்குள் கால் படியில் இருக்கும். ஏறிய பிறகு, இது அந்த வண்டி இல்லை என்று நடத்துநர் சொன்னால் அவமானம். 2022 ஆகஸ்டில் அந்தப் பேருந்துகளின் முன்புறமும் பின்புறமும் இளஞ்சிவப்பு அடித்தார்கள். அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே தெரிகிறது, எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. அழகில்லை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. திரை வடிவமைப்புக்குப் பரிசு கொடுக்கிறவர்கள் இந்தப் பெயின்டுக்குக் கொடுத்திருக்கலாம்.

*

நகரச் சிந்தனையாளர்களில் கணினிக்காரர்களுக்கு மிக நெருக்கமானவர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர். அவருக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. 1964இல் வந்த அவரது முதல் தனி நூலின் பின்னிணைப்பு, இந்தியக் கிராமம் ஒன்றின் 141 தேவைகளைப் பட்டியலிட்டு, எது எதோடு பின்னியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிறது. அடுத்த ஆண்டு, நகரம் என்பது மரம் அல்ல என்று ஒரு கட்டுரை எழுதினார். மரம் என்று அவர் சொன்னது வேப்பமரத்தை அல்ல, கிளை பிரிந்துகொண்டே போய் ஒரு கிளை இன்னொன்றைத் தொடாத அமைப்பை. திட்டமிட்ட நகரங்கள் இப்படித்தான் இருக்கின்றன, ஆகவே உயிரில்லாமல் இருக்கின்றன என்று சொல்லி, சண்டிகரையும் அதற்கு உதாரணமாகக் காட்டினார். உயிருள்ள ஊரில் ஒரு பொருள் பல வட்டங்களில் ஒரே சமயத்தில் இருக்கும்.

மயிலாப்பூர் மாட வீதிகளில் 5 நிமிடம் நின்றால் அவர் சொன்னது விளங்கும். கபாலீசுவரர் கோயில் வாசல் பூக்கடை கோயிலைச் சேர்ந்தது, சந்தையைச் சேர்ந்தது, பஸ் நிறுத்தத்தையும் சேர்ந்தது. அலுவலகம் விட்டு வருகிற பெண் சாமிக்கு வாங்குவதில்லை, தலைக்கு வாங்குகிறார். பங்குனியில் அறுபத்து மூவர் வரும்போது அதே இடம் நீர்மோர்ப் பந்தல். இதைக் கோயில், வணிகம், போக்குவரத்து என்று மூன்று பெட்டிகளில் போடச் சொன்னால் எந்த அதிகாரிக்கும் கை நடுங்கும்.

நம் அரசு இணையதளங்கள் பெட்டிகளில்தான் இருக்கின்றன. பெசன்ட் நகரில் ஒருவர் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் பதிவுத் துறையின் தளத்தில். பட்டா வருவாய்த் துறையில். சொத்து வரிப் பெயர் மாற்றம் மாநகராட்சியில். மின் இணைப்புப் பெயர் மாற்றம் மின்வாரியத்தில். குடிநீர் வரி குடிநீர் வாரியத்தில். ஐந்து தளங்களும் தனித்தனியே பார்த்தால் குறைசொல்ல முடியாத அளவுக்கு முன்னேறியவை. 20 வருடத்துக்கு முன் இதே வேலைக்கு எத்தனை நாள் விடுப்புப் போட வேண்டியிருந்தது என்பதை அனுபவித்தவர்கள் சொல்வார்கள். ஆனால் வாங்கியவருக்கு இது ஐந்து வேலையாகத் தோன்றவில்லை. "வீடு வாங்கியிருக்கேன்" என்ற ஒரே செய்தி அவரிடம் இருக்கிறது. அதையே ஐந்து வாசலில் ஐந்து கடவுச்சொல்லோடு, ஐந்துவிதமான விலாசப் பெட்டிகளில் தட்டச்சு செய்கிறார். ஒன்றில் பழைய கதவு எண்ணுக்கு இடம் இருக்கும், ஒன்றில் இருக்காது. துறை என்பது அரசாங்கத்தின் வசதிக்கான கிளை. குடிமகனின் வேலை கிளைகளுக்குக் குறுக்கே போகிறது.

இதற்கு மாற்று முயற்சிகள் வராமல் இல்லை. 2025 செப்டம்பரில் தொடங்கிய 'சென்னை ஒன்று' செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே க்யூஆர் சீட்டு எடுக்கலாம். பயணிக்கு எந்த வண்டி எந்த நிறுவனத்துடையது என்பதில் அக்கறை கிடையாது, தாம்பரம் போனால் போதும் என்பதை ஒப்புக்கொண்ட செயலி அது. பட்டா, பத்திரம், வரி விஷயத்திலும் அந்த ஒப்புதல் வர வேண்டும்.

அலெக்சாண்டரின் கதையில் இன்னும் ஒரு கிளை உண்டு, அதைத் தொழில்காரர்களே மறந்துவிட்டார்கள். அவரும் தோழர்களும் 1977இல் வெளியிட்ட வடிவ மொழி நூல், வீட்டையும் தெருவையும் வாழப்போகிறவர்களே வடிவமைத்துக்கொள்ள உதவும் 253 குறிப்புகளின் தொகுப்பு. 1987இல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்ற இரண்டு நிரலாளர்கள் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தபோது எடுத்துக்கொண்டது திரை வடிவமைப்பைத்தான். 5 வடிவங்களைச் சொல்லிக்கொடுத்து, அந்த மென்பொருளைப் பயன்படுத்தப்போகிறவர்களையே தங்கள் திரையை அமைக்கவிட்டார்கள். பிறகு 1994இல் வந்த புகழ்பெற்ற வடிவங்கள் நூல் நிரலாளர்களுக்கான கைப்புத்தகமாக ஆனது. வாழப்போகிறவரே கட்டுவது என்ற பகுதி வழியில் எங்கோ விழுந்துவிட்டது. கன்னிங்ஹாம் மட்டும் விடவில்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற விக்கியை 1995இல் செய்தவர் அவர்தான். இன்று தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிற ஆசிரியர்களும் மாணவர்களும் அந்த வழியில் வந்தவர்கள்.

*

நகரத் திட்டமிடலின் பாடங்களில் சென்னைக்கு நேராக வந்து சேர்ந்த ஒன்று கடலில் மூழ்கிவிட்டு வந்தது. ஸ்காட்லாந்தின் பேட்ரிக் கெடிஸ் தமது நகரக் கண்காட்சியோடு இந்தியா வர, சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் அழைத்தார். 1914இல் அந்தக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த 'கிளான் கிராண்ட்' கப்பலை ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு, நம் பேச்சுவழக்கில் நிரந்தரமாகக் குடியேறிய அதே எம்டன். கெடிஸ் சளைக்கவில்லை. லண்டனில் நண்பர்கள் வேறு பொருள்களைத் திரட்டி அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தது. பிறகு சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றி மதுரை உள்படப் பல இடங்களுக்கு அறிக்கை எழுதினார்.

அவர் எழுதியதன் சாரம் ஒன்றுதான். ஊரை இடித்து நேர் சாலை போடுவதற்கு முன் நடந்து பார். எந்தச் சந்து எதற்காக அப்படி வளைந்தது என்று கண்டுபிடி. எங்கே ஒரு சுவரை மட்டும் எடுத்தால் காற்று வருமோ அதை மட்டும் எடு. 1920இல் சென்னை மாகாணத்தின் நகரத் திட்டச் சட்டம் வந்ததும், நெடுந்தொலைவு கிடந்த ஏரியைத் தூர்த்து தியாகராய நகர் எழுந்ததும் அவருக்குப் பின்னால் நடந்தவை. ஏரியைத் தூர்த்ததைக் கெடிஸ் விரும்பியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் போன ஊர்களில் குளங்களைக் காப்பாற்றச் சொன்னவர்.

நடந்து பார்க்கும் அந்த வேலைக்கு இன்று பயனர் ஆய்வு என்று பெயர். நடப்பது பெரும்பாலும் குளிரூட்டிய அறையில். அதைவிட நல்ல பாடம் தியாகராய நகரிலேயே இருக்கிறது. 2014இல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கை ஒன்றை ஏற்றது. அதே ஆண்டு பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலைகளில் கார்களை நிறுத்திவைத்துக் குழந்தைகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். தியாகராய நகரின் பாண்டி பஜாரை நடைப்பயணிகளுக்கான வளாகமாக மாற்றும் பேச்சு வந்தபோது கடைக்காரர்கள் பயந்தார்கள்: வண்டி நிறுத்த இடமில்லையென்றால் வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்? கட்டிவிட்டுப் பதில் சொல்லாமல், முதலில் தற்காலிகத் தடுப்புகளை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். கருங்கல் பதித்துத் திறந்தது 2019 நவம்பரில். இன்று மாலை வேளையில் அந்த அகல நடைபாதையில் பாட்டிமார்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவதைப் பார்க்கலாம். இருசக்கர வண்டிகள் சந்து கிடைத்தால் மேலே ஏறிவிடுவதையும் பார்க்கலாம். தெரு என்றைக்கும் முடிந்த வேலையாக இருப்பதில்லை.

ஒத்திகைக்கு முன்பே மக்கள் பதில் எழுதிவைத்திருப்பதும் உண்டு. சாலை நடுவில் கம்பி வேலி போட்டால், மறுவாரம் ஒரு கம்பி வளைந்திருக்கும். சுரங்கப்பாதையைத் தவிர்த்து மக்கள் கடக்க விரும்பும் இடம் அதுதான் என்பதற்கு அதைவிட நல்ல ஆய்வறிக்கை இல்லை. புல்வெளியில் காலடிகள் உண்டாக்கும் ஒற்றையடிப் பாதையும் அப்படித்தான். வாட்ஸாப்பில் தனக்குத் தானே குறிப்பு அனுப்பிக்கொள்ள, ஒருவரைச் சேர்த்துக் குழு தொடங்கி உடனே அவரை நீக்கிவிடும் தந்திரத்தை நம் ஊரில் மளிகைப் பட்டியல் எழுதுகிற எல்லாரும் செய்துவந்தார்கள். 2022 நவம்பரில் அந்த நிறுவனமே தனக்குத் தானே செய்தி அனுப்பும் வசதியைக் கொடுத்தது. வளைந்த கம்பியைப் பார்த்து அந்த இடத்திலேயே கடவுப்பாதை போட்டது மாதிரி.

நகரத்திடமிருந்து நான் திரைக்குக் கேட்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு திண்ணை. டென்மார்க்கின் யான் கேல், தெருவும் வீடும் சேரும் ஓரம் மென்மையாக இருந்தால்தான் தெருவில் மனிதர் தங்குவர் என்று ஆயுள் முழுக்க எழுதியவர். நமக்கு அதற்குத் தனிச் சொல்லே உண்டு. திண்ணையில் உட்கார அனுமதி கேட்க வேண்டாம். உள்ளே போக வேண்டுமா என்று அங்கே உட்கார்ந்தே முடிவுசெய்யலாம். இன்றைய செயலிகள் வாசற்படியிலேயே கைபேசி எண், ஓடிபி, இருப்பிட அனுமதி, தொடர்புப் பட்டியல் அனுமதி என்று சட்டைப்பையைச் சோதிக்கின்றன. விலை என்ன என்று எட்டிப் பார்க்க வந்தவருக்கும் அதே சோதனை. எலியட்ஸ் கடற்கரைச் சுவர் வெற்றிபெற்றதற்குக் காரணம், அதில் உட்கார எதையும் வாங்க வேண்டியதில்லை என்பதுதான்.

*

இதுவரை பொருந்தியது. பொருந்தாத இடம் ஒன்று உண்டு. அதைப் பல யூஎக்ஸ் புத்தகங்கள் தாண்டிப் போய்விடுகின்றன.

ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய நூலின் நடுக் கருத்து, தெருவைக் காப்பது தெருவின் கண்கள் என்பது. மாடியிலிருந்து எட்டிப்பார்க்கும் மாமி, கடையில் உட்கார்ந்திருப்பவர், ஸ்டாண்டில் காத்திருக்கும் ஆட்டோக்காரர். இவர்கள் இல்லாத இடம் எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் பயமுறுத்தும். பறக்கும் ரயில் 1997இல் திருமயிலைக்கும் 2004இல் திருவான்மியூருக்கும் வந்தது. அந்த நிலையங்களின் மாபெரும் காலிக் கூடங்களில் இரவு 9 மணிக்குத் தனியே இறங்கிய எந்தப் பெண்ணும் ஜேக்கப்ஸைப் படிக்காமலே அவரோடு உடன்படுவார்.

திரையில் எல்லாருமே அந்தக் கூடத்தில் தனியாக இறங்குகிறவர்கள்தான். அதே நொடியில் அதே பக்கத்தில் 1 லட்சம் பேர் நின்றாலும் ஒருவர் கண்ணில் ஒருவர் படுவதில்லை. "இங்க காசு போடாத தம்பி, ஏமாத்துறாங்க" என்று சொல்ல இஸ்திரி அண்ணன் இல்லை. கூடையில் கேட்காத பொருளைத் தானே சேர்ப்பது, நேரம் முடிகிறது என்று பொய்க் கடிகாரம் ஓட்டுவது, சந்தாவை ரத்துசெய்யும் வழியைப் புதைப்பது போன்ற வித்தைகள் அங்கே செழிப்பது அதனால்தான். ரங்கநாதன் தெருவில் ஒரு கடைக்காரர் வாடிக்கையாளரின் பையில் கேட்காத துணியைத் திணித்துக் காசு வாங்கினால் 5 நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும். திரையில் கூட்டம் கூட வழியில்லை, சட்டம்தான் கூட வேண்டியிருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இத்தகைய 13 வித்தைகளைப் பெயர் சொல்லித் தடைசெய்தது.

இன்னொரு வேறுபாடு, தெரு யாருடையது என்பது. நடைபாதையை இடித்தால் கவுன்சிலரைக் கேட்கலாம், வழக்குப் போடலாம். செயலி மாறினால் கேட்க யாரும் இல்லை. ஆனால் இதிலும் நகரத்தின் பழைய போராட்டம் திரைக்குள் நுழைய ஆரம்பித்திருக்கிறது. மெரினாவில் சக்கர நாற்காலியில் கடலருகே போக, மாற்றுத்திறனாளிகளின் நீண்ட கோரிக்கைக்குப் பிறகு 2022 நவம்பரில் 263 மீட்டர் நீள மரப்பாதை வந்தது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயலில் சேதமாகி, மறுபடி சரிசெய்யப்பட்டது. கடலைப் பார்ப்பது சலுகையா உரிமையா என்ற கேள்வியை அந்தப் பலகைகள் எழுப்பின. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அதே கேள்வியைத் திரைக்குக் கேட்டது. வங்கிக் கணக்குக்கான அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டச் சொன்னது கணினி. அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களால் சிமிட்ட முடியவில்லை. இணையச் சேவையை எட்டுவது வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பு வந்தது. கண்ணை மூடித் திறக்க எல்லாராலும் முடியும் என்று ஏதோ ஒரு கூட்ட அறையில் யாரோ நினைத்ததன் விலை அது.

அந்த விலையைக் கொஞ்சம் குறைத்துத் தருகிறவர்களும் உண்டு. அடையாறில் ஒரு பிரவுசிங் சென்டர். பெயர் வேண்டாம். ஒரு கணினி, ஒரு பிரின்டர், லேமினேஷன் இயந்திரம், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நடத்துகிற பெண்ணைச் சுற்றுவட்டாரமே அக்கா என்கிறது. மேசையில் பைண்டு செய்த நீள நோட்டு ஒன்று. அதில் பக்கத்துக்கு ஒருவர் வீதம் வாடிக்கையாளர்களின் பயனர் பெயர், கடவுச்சொல், பிறந்த தேதி. பாதுகாப்பு நிபுணர் பார்த்தால் மயங்கி விழுவார். நான் போயிருந்த அன்று 70 வயதைத் தாண்டிய ஓர் அம்மா வந்திருந்தார், ஏதோ ஒரு சான்றிதழ் விண்ணப்பம்.

"ஓடிபி யாருக்கும்மா போகும்?"

"புள்ளைக்கு. துபாய்ல இருக்கான்."

"போன் போடுங்க. நான் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி லைன்ல இருக்கணும்."

மகன் எடுத்த பிறகுதான் அக்கா பொத்தானை அழுத்தினார். 6 எண்களும் துபாயிலிருந்து குரலாக வந்து, அம்மாவின் வாய் வழியாக, அக்காவின் விரலுக்குப் போயின. பெட்டியில் 'சமர்ப்பி' என்றிருந்ததை அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, சாமிக்கா என்று கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. "அனுப்புறதும்மா" என்றார். அச்சடித்த ஒப்புகைச் சீட்டில் விண்ணப்ப எண்ணுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு, பின்பக்கத்தில் தன் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார்.

தெருவின் கண்கள் திரையில் இல்லை என்று மேலே எழுதினேன். தமிழ்நாட்டில் அந்தக் கண்கள் பிரவுசிங் சென்டரிலும் இ-சேவை மையத்திலும் உட்கார்ந்திருக்கின்றன. எந்தத் தளத்தில் எந்தப் பெட்டி எதற்காக அடம்பிடிக்கும், எந்தச் சொல் யாருக்குப் புரியாது, எந்த நேரத்தில் சர்வர் தூங்கும் என்பதெல்லாம் அந்த அக்காவின் விரல் நுனியில். லிஞ்ச் பாஸ்டன்காரர்களிடம் வரையச் சொன்ன வரைபடம் அவர் மனதில் முழுதாக இருக்கிறது. அதை யாரும் அவரிடம் இதுவரை கேட்டதில்லை என்று அவரே சொன்னார்.

தரமணி நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பதிப்பு வெளியிடுவதற்கு முன் அரை நாள் அந்த இரண்டாவது பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்காருங்கள். பேச வேண்டாம், பார்த்தால் போதும். காலை 10 மணிக்குத் திறப்பார்கள், திங்கட்கிழமை கூட்டம் அதிகம்.